நீக்கும் முன் ஒரு வினா

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், அப்பாவோ அம்மாவோ கறுப்புத் திரையில் எழுத்துகளைத் தட்டிப் பணிபுரிவதைப் பிள்ளைகள் கண்டிருப்பீர்கள். அதற்குக் கட்டளைவரி என்று பெயர். அங்குப் படங்களும் பொத்தான்களும் இல்லை. கணினியும் மனிதரும் சொற்களாலேயே உரையாடுகின்றனர்.

லினக்ஸ் கணினிகளில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டித் தரப்படுகின்றன. ஒரு பொதி மற்றொன்றைச் சார்ந்து நிற்கும். அடியில் உள்ளதை நீக்கினால் அதைச் சார்ந்தவையும் உடன் நீங்கும். டெபியன் இயங்குதளத்தில் இவ்வேலையைச் செய்யும் கருவி ஆப்ட். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. பிற பொதிகளும் உடன் நீங்குமாயின், ஆப்ட் ஒரு பட்டியலைக் காட்டி, "தொடர விரும்புகிறீர்களா?" என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் வினவும்.

2021 நவம்பரில், கனடாவைச் சேர்ந்த யூடியூப் படைப்பாளர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றது வெளியாயிற்று. பொதிகளில் இருந்த பிழையால், ஸ்டீமை நிறுவத் திரைமுகப்பையே நீக்க வேண்டும் என்று கருவி முடிவு செய்தது. எச்சரிக்கையும் வந்தது, ஆனால் நெருக்கமாக நிரம்பிய பெயர்களுக்கிடையே வந்தது. "ஆம், நான் சொன்னபடி செய்" என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரை அவர் தட்டினார். முகப்பு மறைந்தது. படிக்காதவர்மீதே குற்றம் என்றனர் சிலர். வைக்கோற்போரில் ஊசியைப் போட்டுவிட்டு, அதைக் காணாதவரைக் கடிவது நியாயமா?

2025இல் வெளிவந்த ஆப்ட் 3.0 பதிப்பில் பெயர்கள் நெடுவரிசைகளாக அமைகின்றன. நீக்கப்படுபவை சிவப்பிலும் ஏனையவை பச்சையிலும் தோன்றுகின்றன. நீக்கப்படுபவை பட்டியலின் இறுதியில், வினாவிற்கு அருகே நிற்கின்றன.

இனி அவ்வினாவைத் தமிழில் அமைத்துப் பார்ப்போம். "தொடர விரும்புகிறீர்களா?" என்பதில் எதைத் தொடர்வது என்பது விளங்கவில்லை, செயப்படுபொருள் மறைந்துள்ளது. "இந்த 12 பொதிகளையும் நீக்கலாமா?" என்றால் செயலும் செயப்படுபொருளும் வெளிப்படுகின்றன. விடை எவ்வாறு அமையும்? "நீக்கலாமா?" என்பதற்கு "இல்லை" என்று மறுப்பது தமிழ் வழக்கன்று, "வேண்டாம்" என்போம். ஆகவே, நேர்விடை "ஆம்", மறைவிடை "வேண்டாம்". "வேண்டும்", "வேண்டாம்" என்று வைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் முதலெழுத்தைத் தட்டி விடையளிக்க இயலாது!

மற்றொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் ஒய், என் ஆகிய எழுத்துகளுள் பெரிய எழுத்தாக இருப்பதே, வெறுமனே எண்டர் விசையை அழுத்தினால் விடையாகக் கொள்ளப்படும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. எனவே, "எண்டரை மட்டும் அழுத்தினால் எதுவும் நீக்கப்படாது" என்று ஒரு முழுத்தொடராகவே எழுத வேண்டியுள்ளது. திரையில் ஒரு வரி கூடும்; கூடட்டும்.

பயிற்சி

1. "தொடர விரும்புகிறீர்களா?" என்னும் வினாவில் உள்ள குறை யாது?
2. "இப்படத்தை அழிக்கலாமா?" என்னும் வினாவிற்கு நேர்விடையும் மறைவிடையும் எழுதுக.
3. பின்வரும் அறிவிப்பைத் தெளிவுபெறத் திருத்தி எழுதுக: "கோப்புகள் உள்ளன. தொடரவா?"