மன்றமும் மன்றாட்டும்

மன்றாடுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மன்றின்முன் நின்று வழக்குரைத்தல் ஒன்று; இறைவனிடம் இறைஞ்சி வேண்டுதல் மற்றொன்று. ஒரே சொல் இரண்டையும் தாங்கி நிற்பதால் நமக்கு இடர் ஏதும் நேர்வதில்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். ஆனால் அவ்விரு செயல்களும் ஒரே மன்றத்தில், ஒரே மாலைப்பொழுதில், ஒன்றன்பின் ஒன்றாக நிகழுமாயின் என்ன நேரும்? தன் குறையை எடுத்துரைக்க வந்த குடிமகன், தன்னுடையதல்லாத ஒரு சமயத்தின் வேண்டலுக்கு முதலில் தலைவணங்க வேண்டுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கிரீஸ் என்னும் ஊரில் எழுந்த இவ்வினா அந்நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2014ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் வெளிவந்த அத்தீர்ப்பையும், அதனுள் ஒரு முஸ்லிம் பெண் வந்து நிற்கும் இடத்தையும் இக்கட்டுரை நோக்குகிறது.

ஊரும் வழக்கும்

கிரீஸ் என்றவுடன் சாக்ரட்டீசு பிறந்த நாட்டை எண்ண வேண்டா. ரோசெஸ்டர் நகரை அடுத்துள்ள புறநகர் இது. மக்கள்தொகை ஏறத்தாழ 94,000. இவ்வூரின் நகரக் குழு மாதந்தோறும் கூடுகிறது. முன்னாளில் கூட்டம் சிறிது நேர மௌனத்துடன் தொடங்கும். 1999இல் நகரத் தலைவராக இருந்த ஜான் ஆபெர்கர் அவ்வழக்கத்தை மாற்றி, உள்ளூர்ப் போதகர் ஒருவரை அழைத்து இறைவேண்டல் செய்விக்கும் முறையைக் கொணர்ந்தார். வருபவருக்கு ஊதியம் இல்லை. 'இம்மாதத்தின் சமயகுரு' என்னும் சிறப்புப் பெயர் மட்டும் உண்டு.

போதகரைத் தேர்ந்தெடுத்த முறை எளியது. ஊரிலுள்ள வழிபாட்டு நிலையங்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அலுவலர் ஒருவர் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைப்பார். பட்டியலில் இருந்தவை கிறித்தவத் திருச்சபைகள். ஆகவே 1999 முதல் 2007 வரை வேண்டல் நிகழ்த்தியோர் அனைவரும் கிறித்தவர்களே. ஊரில் வாழ்ந்த யூதர்கள் தொழச் செல்லும் ஆலயங்கள் ஊரெல்லைக்குச் சற்று வெளியே இருந்தமையால் அவை பட்டியலில் இடம்பெறவில்லை. எவரையும் விலக்கும் தீய எண்ணம் நகரக் குழுவுக்கு இருந்ததாக நீதிமன்றங்கள் காணவில்லை. பட்டியல் கையில் இருந்தது, அழைத்தார்கள், அவ்வளவே. ஒரு சமயத்தார் பெரும்பான்மையாக வாழும் இடங்களில், வேண்டுமென்றே செய்யும் விலக்கலைவிட எண்ணாமல் நேரும் விலக்கலே மிகுதி என்பது என் கருத்து. எவரும் தவறு செய்யாமலே நேர்வதால் அதனைச் சுட்டிக்காட்டுவதும் கடினமாகிறது.

யூத சமயத்தவரான சூசன் கேலோவேயும் இறைமறுப்பாளரான லிண்டா ஸ்டீவன்சும் முதலில் நகரக் குழுவிடம் முறையிட்டனர். அதன்பின் 2008இல் யூதர் ஒருவரும் பஹாய் சமயத்தவர் ஒருவரும் அழைக்கப்பட்டனர். விக்கா என்னும் நெறியைச் சேர்ந்த பெண் பூசகர் ஒருவர் தாமே கேட்டு வாய்ப்புப் பெற்றார். ஆயினும் வழக்குத் தொடரப்பட்டது. வேண்டலையே நிறுத்துமாறு அவ்விருவரும் கோரவில்லை. எல்லாருக்கும் பொதுவான கடவுளை மட்டும் குறிக்கும் வேண்டலாக அது அமைய வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. 2010இல் மாவட்ட நீதிமன்றம் ஊருக்குச் சார்பாகவும், 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விருவருக்குச் சார்பாகவும் தீர்ப்பளித்தன.

சுவரின் வரலாறு

சமயத்தையும் அரசையும் பிரிக்கும் சுவர் என்னும் உருவகம் தாமஸ் ஜெபர்சனுக்கு உரியதாகவே பலரும் அறிவர். 1802ஆம் ஆண்டின் முதல் நாளில், டான்பரி ஊரின் பாப்டிஸ்ட் சபையாருக்கு எழுதிய மடலில் அவர் அதனைக் கையாண்டார். ஆயின் 1644இலேயே ரோஜர் வில்லியம்ஸ் என்னும் சமயப் போதகர் அதே உருவகத்தை எழுதிவிட்டார். இருவர் நோக்கமும் ஒன்றன்று. அரசின் களைகள் புகுந்து திருச்சபையாகிய தோட்டம் கெட்டுவிடலாகாது என்பது வில்லியம்சின் கவலை; சமய அதிகாரம் புகுந்து குடிமக்களின் உரிமை கெட்டுவிடலாகாது என்பது ஜெபர்சனின் கவலை. பிரிவினையைச் சமயப் பகையெனக் கருதும் நம் பெரியோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் நன்று. அச்சுவரின் முதற் கல்லை நாட்டியவர் ஒரு போதகர்.

சமயம் எதனையும் அரசு நிறுவலாகாது, சமய ஒழுகலாற்றைத் தடுக்கவும் கூடாது என்னும் முதல் திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தத்தை வரைந்த அதே முதல் காங்கிரஸ், 1789இல் ஊதியம் பெறும் சமயகுருக்களையும் தனக்கு நியமித்துக்கொண்டது. அந்நியமனத்துக்கான குழுவில் அங்கம் வகித்த ஜேம்ஸ் மேடிசன், முதுமையில் எழுதிவைத்த குறிப்புகளில் அதனைத் தவறென்றே கருதினார். கத்தோலிக்கரும் குவேக்கரும் போன்ற சிறுபான்மையினருக்கு அப்பதவி எட்டாது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. அவர் கணிப்பு பெரிதும் பொய்க்கவில்லை. பிரதிநிதிகள் அவைக்குக் கத்தோலிக்கர் ஒருவர் முதன்முதலாகச் சமயகுருவானது 2000ஆம் ஆண்டில்தான். விருந்தினராக வந்து வேண்டல் நிகழ்த்தும் வாய்ப்பு மட்டும் பிற சமயத்தாருக்கு முன்னரே கிட்டியது. 1992இல் இமாம் வாரித் தீன் முகம்மது செனட் அவையில் துஆ ஓதிய முதல் முஸ்லிம் ஆனார்.

இம்மரபை உச்சநீதிமன்றம் 1983இல் ஒருமுறை ஆராய்ந்தது. நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றம் தன் சமயகுருவுக்கு ஊதியம் அளித்துவந்ததை எதிர்த்து, அம்மன்ற உறுப்பினரான எர்னி சேம்பர்ஸ் தொடர்ந்த வழக்கு அது. முதல் காங்கிரஸ் செய்ததையே முதல் திருத்தம் தடுக்கிறது என்று கொள்ளல் பொருந்தாது எனக் கூறி, அறுவர் அவ்வழக்கத்தை ஏற்றனர், மூவர் மறுத்தனர்.

ஐவர் கண்டதும் நால்வர் கண்டதும்

கிரீஸ் வழக்கிலும் ஒரு வாக்கு வேறுபாட்டில் ஊரே வென்றது. பெரும்பான்மையோருக்காக எழுதிய நீதிபதி அந்தோணி கென்னடி, வேண்டலின் சொற்களை நீதிபதிகள் தணிக்கை செய்யப் புகுந்தால் அரசு சமயத்துள் மேலும் ஆழமாகத் தலையிட்டதாகும் என்றார். இக்கருத்தின் வலிமையை மறுத்தல் இயலாது. எல்லாருக்கும் பொதுவான கடவுள் என்று ஒருவரை எந்த நீதிமன்றம் வரையறுக்கும்? வரையறுத்தாலும் இறைமறுப்பாளர் அதற்குள் அடங்குவரோ? வழக்குத் தொடர்ந்த இருவருள் ஒருவருக்கே அக்கோரிக்கை முழுமையாகப் பொருந்தவில்லை என்பது வியப்புக்குரியது. பிற சமயத்தவரைத் தேடி ஊர் தன் எல்லைக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை என்றும், வேண்டல் பிற சமயங்களைத் தொடர்ந்து இழித்துரைப்பதாகவோ மதமாற்றத்துக்கு அழைப்பதாகவோ அமைந்தால்தான் அது வரம்பு மீறியதாகும் என்றும் தீர்ப்பு கூறியது.

கட்டாயம் என்னும் குற்றச்சாட்டுக்குக் கென்னடி அளித்த விடையை வேறு இரு நீதிபதிகளே ஏற்றனர். வேண்டல் குழு உறுப்பினர்களுக்காகவே நிகழ்கிறது, வந்திருப்போர் வயதுவந்தோர், விரும்பாதவர் வெளியே செல்லலாம், அமைதியாகவும் இருக்கலாம், மனம் புண்படுதல் வேறு, வற்புறுத்தப்படுதல் வேறு என்பன அவர் கூற்றின் சாரம். 1992இல் பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் நிகழ்ந்த வேண்டல் மாணவரை மறைமுகமாக வற்புறுத்துகிறது எனத் தீர்ப்பு எழுதியவரும் இதே கென்னடிதான். மாணவரும் வயதுவந்தோரும் வேறு என்பது அவர் விளக்கம்.

மாறுபட்ட நால்வருக்காக எழுதியவர் நீதிபதி எலேனா கேகன். நெப்ராஸ்கா தீர்ப்பு தவறென்று அவர் சொல்லவில்லை. நகரக் கூட்டம் சட்டமன்றம் போன்றதன்று என்பதே அவர் வாதத்தின் ஆணிவேர். சட்டமன்றத்தில் சமயகுரு உறுப்பினர்களை நோக்கி வேண்டுகிறார். பொதுமக்கள் மாடத்தில் பார்வையாளராக அமர்ந்திருப்பர். கிரீஸ் ஊரிலோ போதகர் குழுவுக்கு முதுகைக் காட்டி, வந்திருக்கும் பத்துப் பேர் அளவிலான பொதுமக்களை நோக்கி நிற்கிறார். அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்லர், கோரிக்கையுடன் வந்தவர்கள். வேண்டல் யாருக்காக என்பதற்குப் போதகர் நிற்கும் திசையே விடையாகிறது! சட்ட நூல்களைப் புரட்டி அறிய முடியாத உண்மையை ஒரு கூடத்தின் அமைப்பைக் கொண்டு அவர் காட்டியது என்னை மிகவும் கவர்ந்தது.

இவ்விடத்தில்தான் அவர் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கற்பனையாக நிறுத்துகிறார். விபத்து நிகழும் ஒரு சந்திப்பில் போக்குவரத்து விளக்கு வேண்டும் என்றோ, தன் வீட்டை விரித்துக் கட்ட அனுமதி வேண்டும் என்றோ கேட்க வந்தவர் அவர். அவர் முறை வருமுன் போதகர் எழுந்து, இறைவனின் ஒரே மகன் இயேசு கிறிஸ்துவின் பெயரால் வேண்டுவோம் என்கிறார். இப்போது அப்பெண் என் செய்வார்? எல்லாருடனும் சேர்ந்து தலைகுனிந்தால் தன் நம்பிக்கைக்குப் பிழை செய்தவராவார். நிமிர்ந்து நின்றாலோ வெளியேறினாலோ அச்சிறு கூடத்தில் அனைவர் கண்ணும் அவர்மேல் விழும். இன்னும் சில நிமிடங்களில் எவரிடம் அனுமதி கேட்கப்போகிறாரோ அவர்களும் அதனைப் பார்த்துக்கொண்டிருப்பர்.

இக்கற்பனையை எழுதியவர் யூத மரபில் வந்த நீதிபதி. வழக்குத் தொடர்ந்தவருள் ஒருவர் யூதராக இருக்கவும், சான்றுக்கு அவர் ஒரு முஸ்லிமைத் தேர்ந்தார். இது நம்மவர் நினைவில் வைக்கத்தக்கது. அப்பெண்ணின் இடர்ப்பாடு அவர் சொன்னதினும் நுட்பமானது என்பதை நாம் அறிவோம். ஈஸா நபியை அவர் மதிக்காதவர் அல்லர். அப்பெயரைக் கேட்டால் வாழ்த்துரைப்பவர். வேண்டலின் முடிவில் மற்றவர் கூறும் ஆமென் என்னும் சொல்லும் அவர் நாள்தோறும் கூறும் ஆமீனுக்கு உடன்பிறப்பே. 'மகன்' என்னும் ஒரு சொல்லே தடை. இத்தனை நெருக்கத்தில் நின்று, அந்த ஒரு சொல்லுக்காக விலக நேர்வதை அயலார்க்கு எங்ஙனம் விளக்குவது? கட்டட அனுமதி கேட்க வந்த இடத்தில் அதனை விளக்கவேண்டிய கடமைதான் அவருக்கு ஏன்?

கென்னடி வரலாற்றின் உயரத்திலிருந்து நோக்கினார். கேகன் மனுவைக் கையில் ஏந்தி நிற்பவரின் இடத்திலிருந்து நோக்கினார். வாக்கு எண்ணிக்கையில் முன்னவர் வென்றார். எனினும் மன்றம் சிறிதாகச் சிறிதாக வற்புறுத்தல் பெரிதாகிறது என்னும் பின்னவர் கருத்தே எனக்கு உண்மைக்கு அணுக்கமாகத் தோன்றுகிறது. தலைநகரில் எவரும் நம்மை அறியார். ஊர்க் கூட்டத்தில் அமர்ந்திருப்பவரோ அண்டை வீட்டார், கடைக்காரர், நம் பிள்ளையின் ஆசிரியர்.

தீர்ப்புக்குப் பின்

2014 ஜூலையில் கிரீஸ் ஊர்க் கூட்டத்தில் இறைமறுப்பாளர் ஒருவர் தொடக்கவுரை நிகழ்த்தினார். பிற இடங்களில் சிக்கல் தீரவில்லை. வடகரோலினாவின் ரோவன் கவுண்டியிலும் மிச்சிகனின் ஜாக்சன் கவுண்டியிலும் ஆட்சிக் குழு உறுப்பினர்களே வேண்டலை நிகழ்த்திவந்தனர். 2017இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரோவனின் வழக்கத்தைத் தவறென்றது. மற்றொன்று ஜாக்சனின் வழக்கத்தைச் சரியென்றது. 2018இல் உச்சநீதிமன்றம் ரோவன் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்துவிட்டது. கடவுள் நம்பிக்கை அற்றோரை விலக்கிய புளோரிடாவின் பிரெவர்டு கவுண்டி 2019இல் தோற்றது.

அண்டை நாடான கனடா வேறு வழி சென்றது. சாகனே நகர மன்ற வேண்டல் அரசின் நடுநிலையை மீறுவதாக அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2015இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் பிட்போர்டு நகர மன்றத்துக்கு இதற்கான அதிகாரம் சட்டத்தில் இல்லை என்று 2012இல் உயர்நீதிமன்றம் கூறவே, 2015இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அவ்வதிகாரத்தை வழங்கிற்று.

இக்கட்டுரையை எழுதுங்கால் என் எண்ணம் நம் கல்லூரி அரங்குக்கே பலமுறை திரும்பியது. நம் விழாக்கள் கிராஅத்துடன் தொடங்குகின்றன. சிறுபான்மையினர் நிறுவிய கல்லூரி அரசு மன்றம் அன்று. தன் மரபைப் பேணும் உரிமையை நம் அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் உறுப்பு அதற்குத் துணைநின்று காக்கிறது. ஆயினும் 28ஆம் உறுப்பின் மூன்றாம் கூறு, அரசு ஏற்பு அல்லது உதவி பெறும் கல்வி நிறுவனம் எதுவும் தன்னிடம் பயில்வோரை அவர்தம் இசைவின்றிச் சமய வழிபாட்டுக்கு வருமாறு கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. கிராஅத் ஓதப்படும்போது வேற்றுச் சமய மாணவ மாணவியர் நம் அரங்கில் அமைதியாக அமர்ந்திருப்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன். அது மரியாதையின் அமைதி என்றே கொண்டிருந்தேன்; பெரும்பாலும் அங்ஙனமே இருக்கலாம். அவர்களுள் ஒருவரிடமேனும் நான் கேட்டதில்லை. அடுத்த இலக்கிய மன்ற விழாவுக்கான குழு கூடும்போது கேட்க எண்ணியுள்ளேன்.