கோரையைப் பிடுங்காதீங்க, தோண்டுங்க!

ஞாயிற்றுக்கிழமை பூரா குனிந்து குனிந்து கோரையைப் பிடுங்குகிறீர்கள். முதுகு விண்ணென்று வலிக்கிறது. நாலே நாளில் மறுபடி பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நிற்கிறது. 'இதென்ன போன ஜென்மத்துப் பகையா?' என்று அலுத்துக்கொள்ளாத வீட்டுத் தோட்டக்காரர் உண்டா?

விஷயம் மேலே இல்லைங்க, கீழே இருக்கு. தாளை இழுத்தால் தாள் மட்டும்தான் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். நாட்டு மருந்துக் கடையில் மணக்க மணக்க விற்கிறார்களே, அதே கோரைக்கிழங்குதான். ஒன்றிலிருந்து கம்பி மாதிரி ஒரு தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என மாலை கோத்தாற்போல இருக்கும். மாலை அறுபடாதவரை பல கிழங்குகள் தூங்கிக்கொண்டிருக்கும். களைக்கொத்தால் கொத்தி அறுத்து விட்டீர்களோ, எல்லாம் தனித்தனியே முளைக்கும்! உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி 1977-ல் வெளியான புத்தகத்தில் கோரைக்குத்தான் முதலிடம்.

அப்படியானால் என்ன செய்வது? முதல் நாள் தண்ணீர் விட்டு மண்ணை இளக்குங்கள். மறுநாள் மண்வெட்டியால் ஒரு அடி ஆழம் புரட்டி, கிழங்குகளைக் கையால் பொறுக்குங்கள். பெரும்பாலும் மேல் அரை அடிக்குள்ளேயே கிடைத்துவிடும். பொறுக்கியதை உரக்குழியில் போடாதீர்கள். மொட்டை மாடி வெயிலில் சுருங்கிச் சருகாகும்வரை காயட்டும்.

தப்பித்த கிழங்கு எப்படியும் முளைக்கும். முளையை வாரம் ஒருமுறை எடுத்துவிடுங்கள். மூன்று நாலு வாரம் விட்டால் புதுக் கிழங்கு கட்ட ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு முளைக்கும் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. ஒருநாள் கஜானா காலி! ஆனால் ஓரிரு வருஷம் பொறுமை வேண்டும். பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் கோரை அதையும் குத்திக்கொண்டு வெளியே வரும். அதற்கு நிழல்தான் ஆகாது. அடர்ந்து படரும் பூசணி, தட்டைப்பயறு போடுங்கள்.

உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டவே வேண்டாம். களை போகிறதோ இல்லையோ, மண் வீணாகும்.

களைக்கொல்லியா? தயவுசெய்து யோசியுங்கள். கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் வகைப்படுத்தியது. பாராகுவாட் அதைவிட பயங்கரம். ஒரு வாய் உள்ளே போனால் போதும், நுரையீரல் கெட்டு உயிரே போகலாம். மாற்று மருந்து கிடையாது. மீதியைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டே, குழந்தைக்கு அது கலர் என்றுதானே தோன்றும்?

தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடம்பில் சிந்தியிருந்தால் துணியை மாற்றிச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மருந்து டப்பாவையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.