மாடு கன்று வீசினால் உங்கள் முதல் கேள்வி என்ன? கால்நடை மருத்துவர்களுக்கு மூன்று மேற்படிப்புகள்

ஏழு மாதச் சினைமாடு கன்று வீசிவிடுகிறது. வீட்டுக்கார அம்மா வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுத்து அப்புறப்படுத்துகிறார். சில வாரங்களில் அவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி. மாட்டின் சீரம் ஒரு சொட்டு, ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்பு ஆன்டிஜென் ஒரு சொட்டு. தட்டில் இரண்டையும் கலந்து நான்கு நிமிடம் ஆட்டினால் குருணை குருணையாகத் திரள்கிறது. புருசெல்லோசிஸ், அதாவது கன்று வீச்சு நோய், என்று சந்தேகிக்க அது போதும்.

இந்த இடத்தில் உங்கள் மனம் அடுத்து என்ன கேட்கிறது? நோய்ப்பரவலியல் மேற்படிப்பை அந்தக் கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டத்தின் பெயரை வைத்தோ, சீட் எங்கே சுலபம் என்று பார்த்தோ நோய்ப்பரவலியலுக்குள் வருபவர்கள் பாதியில் சோர்ந்துபோகிறார்கள்.

மூன்று வழிக்கும் அடித்தளம் ஒன்றே: ஓராண்டு இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. & ஏ.எச். பட்டம். கவுன்சில் பதிவையும் கையோடு முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. எம்.வி.எஸ்சி.: ‘கிருமி எங்கே இருக்கிறது?’

இரண்டு ஆண்டு, ஆய்வேட்டுடன். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கால்நடைப் பொது சுகாதாரமும் நோய்ப்பரவலியலும் ஒரே துறை. பரேலிக்கு அருகே இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். ஆகவே விண்ணப்பத்தில் பாடத்தின் பெயரைக் கூர்ந்து பாருங்கள். பொது சுகாதாரம் என்றால் பால், இறைச்சிச் சுகாதாரமும் விலங்குவழித் தொற்றுகளும் முன்னே வரும். நோய்ப்பரவலியல் என்றால் மாதிரி எடுப்பு முறையும் புள்ளியியலும் முன்னே வரும்.

தேவை: நல்ல ஓ.ஜி.பி.ஏ., நுழைவுத் தேர்வு. அகில இந்திய இடங்களுக்கு ஐ.சி.ஏ.ஆர். முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். செலவு குறைவு, ஆய்வகப் பழக்கம் மிகுதி. கால்நடைக் கல்லூரியில் ஆசிரியராக விரும்புபவர்களுக்கு இதுவே நேர்வழி. மனிதர்களிடம் நோய் எப்படிப் பரவுகிறது என்ற பகுதி இதில் மெலிந்திருக்கும்.

2. எம்.பி.எச்.: ‘எத்தனை பேருக்கு வந்தது, ஏன் வந்தது?’

இந்தியாவில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இரண்டும் இத்துறையில் பெயர்பெற்றவை. அந்த அம்மாவைப் போல் ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது எந்தப் பெயரில் பதிவானது, யார் விடுபட்டார்கள் என்று இந்தப் படிப்பு தேடவைக்கும்.

தகுதி விதிதான் முதல் சிக்கல். சில இடங்கள் எம்.பி.பி.எஸ். படித்தவர்களை மட்டும் எடுக்கும். சில இடங்கள் பிற பட்டங்களையும் ஏற்று, பணி அனுபவம் கேட்கும். அந்த ஆண்டின் அறிவிப்பில் கால்நடை மருத்துவப் பட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள். இன்னொன்றும் உண்டு. கால்நடைக் கல்லூரி ஆசிரியர் பணிக்கு எம்.பி.எச். மட்டும் போதாது.

3. வெளிநாட்டு முதுநிலை: ‘எதைச் செய்தால் நோய் குறையும்?’

லண்டனில் ராயல் வெட்டரினரி காலேஜும் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் பள்ளியும் சேர்ந்து நடத்தும் கால்நடை நோய்ப்பரவலியல் எம்.எஸ்சி. முழுநேரமாக ஓராண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் எம்.பி.வி.எம். என்ற தடுப்புக் கால்நடை மருத்துவ முதுநிலைப் படிப்பு 1967 முதல் நடக்கிறது. கால்நடை மருத்துவர்களுக்கென்றே கால்வின் ஷ்வாபே தொடங்கிய படிப்பு அது. மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் ஒன்றே என்று வலியுறுத்தியவர் அவர்.

புருசெல்லோசிஸுக்கு 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போடுகிறோம். எத்தனை கன்றுகளுக்குப் போட்டால் எத்தனை ஆண்டில் நோய் அடங்கும் என்று கணக்கிட விரும்புபவர்களுக்கு இந்த வழி. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், நோக்க அறிக்கை ஆகியவை தேவை. செலவுதான் பெரிய மலை. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு பணி அனுபவமும், படித்து முடித்தபின் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இங்கே இருப்பதும் நிபந்தனை. அரசுப் பணியை எண்ணுபவர்கள் ஓராண்டுப் பட்டத்தின் இணைத்தன்மையை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

யாருக்கு எது?

ஆய்வகமும் ஆசிரியப் பணியும் பிடித்தவர்களுக்கு எம்.வி.எஸ்சி. மனித நலத் துறையோடு சேர்ந்து களத்தில் நிற்க விரும்புபவர்களுக்கு எம்.பி.எச். எண்களோடும் கொள்கையோடும் வாழ விரும்புபவர்களுக்கு வெளிநாட்டுப் படிப்பு. இன்னும் குழப்பம் என்றால் முதலில் எம்.வி.எஸ்சி. செய்யுங்கள் என்பேன். மற்ற இரண்டும் அதன் பிறகும் திறந்தே இருக்கும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை

இன்டர்ன்ஷிப்பில் ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். “ஆறு மாடு கன்று வீசிருச்சு” என்பார்கள். அந்த ஆறு மட்டும் ஒன்றும் சொல்லாது. அந்த ஊரில் மொத்தம் எத்தனை மாடு சினையாக இருந்தன? வீடு வீடாகப் போய் எண்ணி நோட்டில் எழுதுங்கள். பத்தில் ஆறு என்றால் அது வேறு கதை. முந்நூறில் ஆறு என்றால் வேறு கதை.

எண்ணி முடித்த மாலையில் உங்கள் கை எதை நாடுகிறது என்று கவனியுங்கள். ரத்தக் குழாய்களையா, காய்ச்சல்காரர்களின் பட்டியலையா, கால்குலேட்டரையா? எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிடும்.