இராமேச்சுரத் தீவில் மூன்று நாள்

அண்ணாமலையையும் வேங்கிக்கால் ஏரியையும் நாடோறும் காணும் நமக்குக் கடல் புதுமையான காட்சியே. ஆதலின், விடுமுறை வந்ததும் கடல் சூழ்ந்த தீவொன்றில் சின்னாள் தங்கிவர மாணவர் விழைதல் இயல்பு. அதற்கு ஏற்றது பாம்பன் தீவாகிய இராமேச்சுரம். ஆயினும் விருப்பம் ஒன்றே பிரயாணத்திற்குப் போதாது. காலம், வழி, இடம் என்னும் மூன்றையும் முன்னரே ஆராய்தல் வேண்டும்.

அவற்றுள் முதன்மையானது காலம். அரையாண்டு விடுமுறை டிசம்பர் மாதத்தில் வருதலின், பலரும் அப்போதே புறப்பட எண்ணுவர். அதுவோ வடகிழக்குப் பருவக்காற்றும் புயலும் வீசுங் காலம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுக்கோடிக்குச் சென்ற புகைவண்டி ஊரை அணுகும் வேளையில், பேரலைகள் அதனை வாரிக்கொண்டன. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தனுக்கோடிப் பட்டினமும் அழிந்தது. ஆகவே மழை ஓய்ந்த தை, மாசித் திங்கள்களே தக்கவை. பொங்கலை ஒட்டிய விடுமுறை இதற்குப் போதும். அப்போதும் வானிலை அறிக்கையைக் கேட்டறிந்தே புறப்படுக.

இனி வழி. விழுப்புரம், திருச்சிராப்பள்ளி, மானாமதுரை, இராமநாதபுரம் வழியாக மண்டபம் சேர்ந்து, கடலைக் கடக்க வேண்டும். 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயிற்பாலம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுடையது. கப்பல் வருங்கால் அதன் நடுப்பகுதி இரு கைகளைப்போல் மேனோக்கி விரிந்து வழிவிட்டது. 2022 டிசம்பரில் அதன்மேல் வண்டியோட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் நேரே மேலெழும். 1988இல் திறக்கப்பட்ட சாலைப்பாலமும் அருகே உளது.

மூன்றாவது இடம். முதல் நாளில் இராமநாதசுவாமி கோயிலின் நெடிய பிராகாரங்களைக் காண்க. கோயிலினுள் இருபத்திரண்டு தீர்த்தங்கள் உள்ளன. அவற்றில் நீராட விரும்புவோர் மாற்றுடை கொண்டு செல்க. இரண்டாம் நாளில் புயலுக்குத் தப்பிய கோதண்டராமர் கோயிலையும், தனுக்கோடியில் இடிந்து நிற்கும் மாதா கோவிலையும் கண்டு, அரிச்சல்முனை வரை செல்லலாம். ஆண்டு வடபாற் கடல் பாக்கு நீரிணையைச் சார்ந்தது. தென்பாற் கடல் மன்னார் வளைகுடா. இரண்டும் கூடுமிடத்தில் நீரோட்டம் கடிதாதலின், நீந்த வல்லாரும் அங்கே நீராடுதல் தகாது. பொழுதுள்ளபோதே திரும்புக. மூன்றாம் நாளில் பேக்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவகத்தைக் காணலாம். பவளப் பாறைகள் சூழ்ந்த குருசடை முதலான தீவுகள் 1986இல் அமைந்த கடல் தேசியப் பூங்காவைச் சார்ந்தவை. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே செல்லலாகாது.

இன்னுமொன்று. தனுக்கோடியின் இடிந்த சுவர்கள் வேடிக்கைப் பொருளல்ல. மக்கள் கூடி வாழ்ந்து, ஓரிரவில் இழந்த ஊரின் எச்சம் அவை. அவற்றின்மேற் பெயர் பொறித்தலும், ஏறி நின்று ஆரவாரித்தலும் கற்றோர்க்கு அழகன்று. அக்கரையில் இன்றும் தொழில் செய்யும் மீனவரிடம் அன்போடு வினவின், காற்றின் போக்கையும் நீரின் இயல்பையும் எடுத்துரைப்பர். அவர் இறங்க வேண்டாமென்று தடுக்கும் இடத்தில் இறங்காதிருப்பதே அறிவுடைமை. கடலின் அழகோடு அதன் ஆற்றலையும் அறிந்து மீள்பவரே பிரயாணத்தின் முழுப்பயனையும் பெற்றவராவர்.