சின்சான் வீட்டுல நியாயம் யார் பக்கம்?



சின்சானைத் தெரியாதவங்க நம்ம பள்ளியில் இருக்க முடியாது. ஆனா இந்தக் கட்டுரை சின்சானைப் பற்றியது இல்லை. அவனோட அப்பா ஹாரி, அம்மா மிட்சி பற்றியது. மதிய இடைவேளையில் இவங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி கிளம்பிடுது. ‘ஹாரி பாவம், சம்பாதிச்சும் மரியாதை இல்லை’ என்று ஒரு கட்சி. ‘மிட்சிதான் வீட்டையே தாங்குறாங்க’ என்று இன்னொரு கட்சி. யார் சொல்றது சரி? பாடம் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் சில தகவல்கள்

சின்சானை உருவாக்கியவர் ஜப்பானின் யோஷிடோ உசூயி. 1990-ல் படக்கதையாக வந்தது, 1992-ல் கார்ட்டூன் தொடரானது. 2006-ல் ஹங்காமா டிவி வழியாக இந்தியாவுக்கு வந்தது. பெற்றோர் புகாரால் 2008-ல் நிறுத்தப்பட்டு, சில காட்சிகளை வெட்டிய பிறகு 2009-ல் மறுபடி வந்தது. கதையில் ஹாரிக்கு வயது 35, ஆபீஸ் வேலை. மிட்சிக்கு 29, வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

2. சண்டை எதுக்கு?

பெரும்பாலும் பணத்துக்குத்தான்! ஹாரியின் சம்பளம் மிட்சி கைக்குப் போகும். மிட்சி ஹாரிக்கு மாதச் செலவுக்குக் காசு தருவார். ஜப்பானில் பல குடும்பங்களில் இதுதான் வழக்கம். ஹாரி அதில் கொஞ்சம் ஒளிச்சு வைப்பார். மிட்சியும் தனியாக ஒளிச்சு வைப்பார். கண்டுபிடிச்சா அன்னைக்கு வீடு ரணகளம்!

இப்படி மனைவி ரகசியமாகச் சேர்க்கும் பணத்துக்கு ஜப்பானியர்கள் ‘ஹெசோகுரி’ என்று பெயரே வச்சிருக்காங்க. ‘ஹெசோ’ என்பது நூற்ற நார் நூலின் உருண்டை. அந்தக் காலத்துப் பெண்கள் ஓய்வு நேரத்தில் நூல் நூற்றுச் சேர்த்த காசிலிருந்து வந்த சொல் இது. நம்ம ஊரில் இதுக்குப் பெயர் அஞ்சறைப் பெட்டிக் காசு. சிலர் வீட்டில் பருப்பு டப்பா, சிலர் வீட்டில் புடவை மடிப்பு.

3. ஒளிச்சு வைத்தால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமா?

இதுக்கு நம்ம நாட்டிலேயே ஒரு பெரிய பரீட்சை நடந்தது. 2016 நவம்பர் 8 இரவு, பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 30-க்குள் வங்கியில் கட்ட வேண்டும். எத்தனையோ அம்மாக்கள் பல வருஷமாகச் சேர்த்த பணத்தை வெளியே எடுக்க வேண்டியதாச்சு. இல்லத்தரசிகள் கட்டும் பணம் 2.5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கேள்வி கேட்க மாட்டோம் என்று அரசே சொன்னது. அந்த அளவுக்கு இது எல்லா வீட்டிலும் இருக்கும் பழக்கம்.

ஒரு கணக்குப் போடுங்க. காய்கறிச் செலவில் தினம் 20 ரூபாய் மிச்சம் பிடிச்சா மாதம் 600, வருஷம் 7,200. இது திருட்டு இல்லை, சிக்கனம். திருவள்ளுவர்கூட ஆறாவது அதிகாரத்தில், வருவாய்க்குத் தகுந்த வாழ்க்கை நடத்துவதை வாழ்க்கைத் துணையின் சிறப்பாகச் சொல்கிறார்.

அப்போ ஏன் ஒளிக்கணும்? இங்கேதான் கவனிக்கணும். அவசரத்துக்கு உதவட்டும் என்று ஒளிப்பது ஒன்று. தெரிஞ்சா பிடுங்கிடுவாங்க, திட்டுவாங்க, அடிப்பாங்க என்று பயந்து ஒளிப்பது வேறு. இரண்டாவது வகையில் குறை ஒளிச்சவங்க மேல இல்லை, பயப்பட வைத்தவங்க மேலதான். மரியாதை போன இடத்தில் நம்பிக்கையை மட்டும் எதிர்பார்க்க முடியுமா?

4. மரியாதைக்கு எத்தனை மார்க்?

இந்தப் பாடத்தில் ஹாரி, மிட்சி இருவருமே ஜஸ்ட் பாஸ்தான்! மிட்சி உடம்பை ஹாரி கிண்டல் பண்ணுவார். ஹாரியின் சம்பளத்தை மிட்சி குத்திக்காட்டுவார், தலையில் குட்டவும் செய்வார். ‘காமெடிதானே!’ என்பீங்க. கார்ட்டூனில் தலை வீங்கினா அடுத்த காட்சியில் சரியாயிடும். நிஜ வீட்டில் ஆகாது. யார் அடித்தாலும் தப்புதான். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் சொல்லவில்லை. பெண்ணின் பணத்தைப் பறிப்பதையும், வீட்டுச் செலவுக்குத் தராமல் விடுவதையும் வன்முறை என்றே சொல்கிறது. உதவிக்குப் பெண்கள் கூப்பிட வேண்டிய எண் 181.

நம்பிக்கையில் மட்டும் இருவருக்கும் நல்ல மார்க். 2001-ல் வந்த சின்சான் படம் ஒன்றில் ஹாரி எல்லாவற்றையும் மறந்து போவார். சின்சான் அவரோட நாற்றமடிக்கும் ஷூவை மூக்கில் வைப்பான். உடனே கல்யாணம், வேலை, களைச்சு வீடு திரும்பிய நாட்கள் எல்லாம் ஞாபகம் வரும். சிரிக்க வைக்கிற அதே ஷூதான் அங்கே அழவும் வைக்குது.

5. நம்ம ஊருக்கு வருவோம்

வல்லக்கோட்டையைச் சுற்றி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் அப்பாக்கள் மட்டும் போறதில்லை. அக்காக்களும் அம்மாக்களும் ஷிப்டுக்குப் போறாங்க. ‘சம்பாதிக்கிறவருக்கே மரியாதை’ என்றால், வீட்டில் சோறு ஆக்குபவருக்கு இல்லையா? 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்வதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிகிறது, அதனால் அப்படி வாங்கிய சொத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது நம்ம காஞ்சிபுரத்தில்தான். அதன் பெயரில் ‘உதவி’ என்று இல்லை, ‘உரிமை’ என்று இருப்பதைக் கவனிங்க.

ஆகவே மதிய இடைவேளைத் தீர்ப்பு இதுதான்: சம்பாதிப்பதும் வேலை, வீடு பார்ப்பதும் வேலை. இரண்டையும் மதிச்சா எந்த டப்பாவும் பயந்து மூடியிருக்க வேண்டாம்.

யோசிச்சுப் பதில் எழுதுங்க:
1. ஹாரி ஒளிப்பதும் மிட்சி ஒளிப்பதும் ஒன்றா? ஏன்?
2. உங்க வீட்டில் செலவுக் கணக்கை யார் யார் சேர்ந்து பேசுறாங்க?
3. சம்பளம் யாருடையதோ, ஏ.டி.எம். கார்டு அவர் கையில்தான் இருக்கா?