தைப்பூச இரவைத் தாங்குமா உங்கள் சர்வர்?

இணையத்தளம் ஒன்றைத் தொடங்கி, அது நினைத்ததைவிட வேகமாக வளர்ந்துவிட்ட பினாங்குத் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பூஜைப் பொருள் விற்பவர்கள், தமிழ்ச் செய்தித் தளம் நடத்துபவர்கள், கோயில் விழாவை நேரலையில் காட்டும் குழுக்கள், டியூஷன் வகுப்பு எடுப்பவர்கள் எல்லாரும் வந்து கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, சைட் அடிக்கடி படுத்துக்குது, எந்த ஹோஸ்டிங்குக்கு மாறலாம்?" ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆறு மாதத்தில் அதே கேள்வியோடு திரும்ப வந்து நிற்பீர்கள். இந்தத் தொழில் நம் ஊருக்கு அந்நியமும் அல்ல. மலேசியாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்றான எக்ஸாபைட்ஸை 2001இல் சான் கீ சியாக் என்ற இளைஞர் இதே பினாங்கில்தான் தொடங்கினார். விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. எதைக் கேட்டு வாங்குவது என்று தெரியாமல்தான் நம் பிள்ளைகள் பணத்தை விடுகிறார்கள்.

1. மாதக் கணக்கை ஒதுக்கிவிட்டு உச்ச மணி நேரத்தைப் பாருங்கள்.

மாதத்துக்கு ஒரு லட்சம் பக்கப் பார்வை என்றால் காதுக்குப் பெரிதாகத்தான் கேட்கும். நிமிடத்துக்குப் பிரித்தால் இரண்டரைகூட வராது. எந்த மலிவு ஹோஸ்டிங்கும் அதைத் தாங்கும். தளம் விழுவது சாதாரண நாளில் அல்ல.

தைப்பூசத்துக்கு முந்தின நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் செய்து 1894இல் இங்கே கொண்டுவரப்பட்ட நகரத்தார் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. 2017 முதல் தங்க ரதமும் வருகிறது. வழியெல்லாம் தேங்காயைக் குவித்துவிட்டுக் காத்திருப்பவர்கள், "ரதம் எங்கே வருது?" என்று போனில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறார்கள். கிள்ளானிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் திறப்பதும் அதே நேரத்தில் அதே பக்கத்தைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஒரு மணி நேரத்தில் 20,000 பக்கப் பார்வை என்று வையுங்கள். நொடிக்கு ஐந்தரை வருகிறது. உங்கள் வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தைத் தயாரிக்க 4 நொடி எடுத்துக்கொண்டால், எந்த நொடியிலும் 22 பேர் சர்வருக்குள் காத்து நிற்பார்கள். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங் திட்டங்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் 20 வேலைகள்தான் ஓடலாம் என்று வரம்பு வைத்திருப்பார்கள். அதற்கு மேல் வருகிறவருக்குப் பக்கம் கிடைக்காது, 508 என்ற பிழை எண்தான் கிடைக்கும். அந்த 4 நொடியை 1 நொடியாகக் குறைத்துவிட்டால் அதே கூட்டத்தில் உள்ளே நிற்பவர்கள் ஐந்தாறு பேர்தான். மத்தியானத்தில் நாசி கண்டார் கடை வரிசை சீக்கிரம் கரைவது, பரிமாறுகிறவரின் கைவேகத்தால்தானே, அதே கதைதான் இங்கேயும்.

ஆகவே சர்வரைத் தேடும் முன் புள்ளிவிவரத்தைத் திறந்து, போன வருடத்தின் மிக மோசமான மணி நேரம் எது, அப்போது எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று மூன்றையும் எழுதி வையுங்கள். ஹோஸ்டிங் விற்பவரிடம் காட்ட வேண்டிய தாள் அது.

2. பெரிய சர்வருக்குப் பணம் கட்டும் முன் பக்கத்தை இலேசாக்குங்கள்.

கேஷ் இல்லாமல் ஓடும் தளம் ஒவ்வொரு வாசகருக்கும் டேட்டாபேஸைத் தட்டி எழுப்பிப் பக்கத்தைப் புதிதாகச் செய்கிறது. கேஷ் வைத்துவிட்டால் செய்து வைத்த பக்கத்தை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. செய்தித் தளத்துக்குப் பாதி நோய் இதிலேயே தீரும். கடைகளுக்கு அப்படித் தீராது. கூடையில் பொருள் போட்டவருக்கும் லாகின் செய்தவருக்கும் பக்கத்தைத் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும். அதனால் ஒரே அளவு கூட்டத்துக்குச் செய்தித் தளத்தைவிடக் கடைக்குப் பெரிய சர்வர் தேவைப்படும். பக்கத்து நண்பரின் தளம் எதில் ஓடுகிறது என்று கேட்டு அதையே வாங்காதீர்கள்.

போனில் எடுத்த காவடிப் படத்தை அப்படியே ஏற்றுகிறீர்கள். ஒரு படம் 4, 5 எம்பி. பத்துப் படம் போட்ட ஆல்பம், ரோட்டில் நிற்கிறவரின் டேட்டாவைக் குடித்துவிடும். படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள். தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், "தமிழ்" என்ற சொல்லே 15 பைட். ஆனாலும் சர்வரில் ஜிஜிப் சுருக்கம் ஓடினால் அது பாரமே இல்லை. ஓடுகிறதா என்று மட்டும் சரிபாருங்கள். நேரலை வீடியோவை உங்கள் சர்வரில் வைக்கவே வேண்டாம். யூடியூபிலோ ஃபேஸ்புக்கிலோ ஓடவிட்டுப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

3. "அன்லிமிடெட்" என்ற சொல்லைப் பார்த்தால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்வரை படியுங்கள்.

இடத்துக்கு வரம்பில்லை என்று எழுதியிருப்பார்கள். கோப்புகளின் எண்ணிக்கைக்கு, சிபியூவுக்கு, ஒரே நேர வேலைகளுக்கு வரம்பு இருக்கும். மின்னஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு கோப்பாகவே எண்ணப்படும். ஐந்து வருட அஞ்சல் பெட்டி தளத்தின் கழுத்தை நெரித்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த மூன்று எண்களையும் எழுத்தில் கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள்.

4. சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள்.

பினாங்குக்கும் சென்னைக்கும் கடலடியில் உள்ள உறவு பழையது. 1870-71இலேயே மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி இழுத்தார்கள். 1997இல் ஃபிளாக், 2002இல் சேஃப் என்று கண்ணாடி இழைக் கேபிள்கள் நம் தீவில் கரையேறின. பே ஆஃப் பெங்கால் கேட்வே கேபிள் இன்று சென்னையையும் பினாங்கையும் மறுபடி இணைக்கிறது. இந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். உங்கள் வேலைக்கும் இந்தக் கேபிள்களின் தூரக் கணக்கு தேவைப்படுகிறது.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் சுமார் 600 கிலோமீட்டர், போய்வர 6 மில்லி நொடி. அமெரிக்க மேற்குக் கரை சுமார் 14,000 கிலோமீட்டர், போய்வர 140. கேபிள் சுற்றி வளைந்து போவதால் நடப்பில் இன்னும் கூடும். பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்குள் முகவரி கேட்பது, கைகுலுக்குவது, பூட்டுச் சாவி மாற்றுவது என்று நாலு தடவையாவது போய்வர வேண்டும். அமெரிக்க சர்வர் என்றால் அரை நொடிக்கு மேல் வெறும் பயணத்திலேயே போய்விடும்.

வாடிக்கையாளர்கள் பட்டர்வொர்த்திலும் சுங்கைப்பட்டாணியிலும் இருந்தால் சைபர்ஜெயாவோ சிங்கப்பூரோ போதும். அமேசானின் கிளவுடுக்கும் 2024 ஆகஸ்ட் முதல் மலேசியாவிலேயே மையம் இருக்கிறது. சென்னை, லண்டன், டொரன்டோ என்று வாசகர்கள் பரவியிருந்தால் சர்வரை இங்கே வைத்துக்கொண்டு முன்னால், பக்கத்தின் பிரதியை வாசகருக்கு அருகிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் சிடிஎன் ஒன்றைப் போடுங்கள். கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டமே ஆரம்பத்துக்குப் போதும். வாங்குவதற்கு முன் சோதனைக் கணக்கு கேட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டு இணைப்பிலிருந்தும் கைப்பேசி டேட்டாவிலிருந்தும் திறந்து பாருங்கள்.

5. விபிஎஸ்ஸோ கிளவுடோ, அதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்?

ஷேர்டு ஹோஸ்டிங் போதாமல் போனதும் எல்லாரும், ஒரு சர்வரில் தங்களுக்கென்று பிரித்துக் கொடுக்கும் தனிப் பங்கான விபிஎஸ்ஸுக்குத் தாவுகிறார்கள். விலை குறைவாக இருக்கும் விபிஎஸ் பெரும்பாலும் வெறும் இயந்திரம்தான். பாதுகாப்பு அப்டேட், ஃபயர்வால், ராத்திரி இரண்டு மணிக்கு டிஸ்க் நிரம்பினால் எழுந்து பார்ப்பது எல்லாம் உங்கள் தலையில். உங்கள் குழுவில் லினக்ஸ் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாகப் போய் வேலை செய்யத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையென்றால், நிர்வாகமும் சேர்ந்த மேனேஜ்டு திட்டத்துக்குக் கூடுதல் வெள்ளி கொடுங்கள். அந்தக் காசு வீண் அல்ல.

கிளவுட் கூட்டத்துக்கு ஏற்ப விரியும், பில்லும் கூடவே விரியும். வெளியே போகும் டேட்டாவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. முதல் நாளிலேயே செலவு எச்சரிக்கையைப் போட்டுவிடுங்கள். பில் அமெரிக்க டாலரில் வந்தால் ரிங்கிட் இறங்கும் மாதத்தில் நீங்கள் ஒன்றும் செய்யாமலே செலவு ஏறும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கான வரி 2020 ஜனவரியில் 6 விழுக்காடாகத் தொடங்கி 2024 மார்ச் முதல் 8 ஆனது. முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலையைக் கேட்டு அதை வைத்தே ஒப்பிடுங்கள்.

6. டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கோயில் கமிட்டி மாறும், தளம் செய்துகொடுத்த பையன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விடுவான். டொமைன் அவன் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும், புதுப்பிப்பு நினைவூட்டல்களும் அங்கேதான் போகும். ஒருநாள் காலையில் தளமும் இருக்காது, மின்னஞ்சலும் இருக்காது. டாட் மை பெயர்களை நிர்வகிப்பது மைநிக். பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். சங்கமோ கடையோ, அதன் பெயரில் இருக்கட்டும். டொமைனை ஹோஸ்டிங் கம்பெனியிடம் வாங்காமல் வேறு இடத்தில் வாங்குங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது.

7. பேக்கப் வேறு கம்பெனியில், வேறு ஊரில் இருக்க வேண்டும்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்து போனது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி பாதிக்கப்பட்டது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு மீட்க எதுவும் மிஞ்சவில்லை. 2017 ஜனவரி 31இல் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப் முறைகள் இருந்தன. தேவைப்பட்டபோது ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை, ஆறு மணி நேர டேட்டா போயிற்று. அவர்கள் அதை மறைக்காமல் உலகுக்குச் சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது, அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

"தினமும் பேக்கப் எடுக்கிறோம்" என்று ஹோஸ்டிங்காரர் சொன்னால் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் பிரதியை நீங்களே எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதைக் காலி இடம் ஒன்றில் விரித்து, தளம் எழுந்து நிற்கிறதா, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த ஒத்திகையைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

8. வாடிக்கையாளர் விவரம் வாங்கினால் சட்டம் உங்களையும் தொடும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15இல் அமலுக்கு வந்தது. 2024 திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல் குறிப்பிடத்தக்க பாதிப்பு உண்டாக்கக்கூடிய தரவுக் கசிவை ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கசிந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள் என்று ஹோஸ்டிங் கம்பெனியிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

9. காசு கட்டும் முன் சனிக்கிழமை ராத்திரி அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

விற்பனைப் பிரிவிடம் வேண்டாம், சப்போர்ட்டிடம் கேளுங்கள். எத்தனை நிமிடத்தில், எவ்வளவு தெளிவாகப் பதில் வருகிறது என்பது எந்த விளம்பரத்தையும்விட உண்மையைச் சொல்லும். 99.9 விழுக்காடு உத்தரவாதம் என்பது வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம்வரை படுக்கலாம் என்று அர்த்தம். அது தைப்பூச ராத்திரியாகவும் இருக்கலாம். நட்டஈடாகப் பெரும்பாலும் வாடகையில் ஒரு பகுதிதான் கழியும், போன வியாபாரத்தை யாரும் தரமாட்டார்கள்.

10. நுழையும்போதே வெளியேறும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வளரும் தளம் ஒரே இடத்தில் நிலைக்காது. கோப்புகளையும் டேட்டாபேஸையும் முழுசாக எடுத்துப்போக விடுவார்களா, அவர்களுடைய பிரத்தியேகக் கருவியில் கட்டிய பக்கம் வெளியே வேலை செய்யுமா என்று முதல் நாளே கேளுங்கள். மாறுவதற்கு விழா இல்லாத வாரமாகப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் முன்பே டிஎன்எஸ்ஸில், முகவரியை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை 86,400 நொடியிலிருந்து 300க்கு இறக்கிவிட்டால், முகவரியை மாற்றிய சில நிமிடங்களில் பெரும்பாலான வாசகர்கள் புது சர்வருக்கு வந்துவிடுவார்கள்.

நம் தளங்களுக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. பழைய டேட்டாபேஸ் லத்தீன்1 என்ற எழுத்துக்குறி அமைப்பில் இருந்தால், மாற்றும்போது தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடலாம். அப்படிக் கேள்விக்குறியான எழுத்தைத் திரும்பப் பெற முடியாது. இரண்டு பக்கமும் யூடிஎஃப்8எம்பி4 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். வெறும் யூடிஎஃப்8 என்றிருந்தால் தமிழ் தப்பிக்கும், ஆனால் இடையில் எமோஜி வந்த இடத்தோடு செய்தி அறுந்துபோகலாம். ஏற்றியபின் பத்துப் பழைய கட்டுரைகளைத் திறந்து படியுங்கள், "ஸ்ரீ", "கௌ", "ணை" எல்லாம் உடையாமல் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதமாவது ஓடவிடுங்கள். அங்கே இன்னும் வந்து விழும் மின்னஞ்சல்களை எடுத்துக்கொண்டு, லாக்கில் ஆள் நடமாட்டம் நின்ற பிறகு, தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, கார்டை நீக்கி, ரத்து செய்ததற்கு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.