ஈன்ற மாட்டுக்கு 85 நாள் கணக்கு

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், ஈன்ற 85 நாளுக்குள் மாடு மறுபடி சினை பிடித்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், அதே நாள்களில்தான் கறவையும் உச்சத்துக்கு ஏறுகிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சம் தொட்டுவிடும். தீனி எடுப்பு அந்த வேகத்தில் ஏறாது. குறைவதை மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டுகிறது. கலப்பின ஜெர்சி, பிரீசியன் மாடுகளை மெலிய விடாமல் காப்பதுதான் இந்தக் காலத்தின் முதல் வேலை.

1. முதல் 12 மணி நேரம்

வெதுவெதுப்பான தண்ணீரை மாடு போதும் என்கிற வரை வைக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காமல், ஒரு மணி நேரத்துக்குள் கன்றைச் சீம்பால் குடிக்க விடலாம். கன்று ஊட்டும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்கி, கொடி விழவும் உதவும்.

நஞ்சுக்கொடி பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரத்தில் விழும். விழாவிட்டால் கையால் இழுப்பதும் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் கருப்பையைப் புண்ணாக்கும். மருத்துவரை அழைப்பதே வழி. விழுந்த கொடியை ஆலமரத்தில் கட்டும் ஊர்களிலும், நாய் இழுக்காதபடி ஆழமாகப் புதைப்பதே நல்லது.

2. முதல் 3 நாள்

மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்ட, நிறையக் கறக்கும் மாடுகளைப் பால் காய்ச்சல் தாக்கும். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. காது சில்லிட்டு, கால் தள்ளாடி, கடைசியில் கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். ரத்தத்தில் கால்சியம் இறங்கியதே காரணம். கால்சியம் ஊசியை மருத்துவர்தான் போட வேண்டும். நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். தமிழகத்தில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

3. மடி

கறக்கும் முன் ஒவ்வொரு காம்பிலும் முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்த்தால், மடிநோயின் அறிகுறியான திரியோ தண்ணீர்த்தன்மையோ உடனே தெரியும். கறந்தபின் காம்பை அயோடின் கரைசலில் நனைக்க வேண்டும். காம்புத் துளை மூட அரை மணி நேரம் ஆகும். அதுவரை மாடு படுக்கக் கூடாது. பசுந்தீவனத்தை அப்போது போட்டால் நின்றுகொண்டே தின்னும்.

4. தீனி

ஈன்ற மாடு என்று அண்டா நிறைய அரிசிக் கஞ்சி வைத்தால் வயிற்றில் அமிலம் ஏறி, அசைபோடுவது நின்றுவிடும். அடர்தீவனத்தைத் தினமும் கால் கிலோ, அரைக் கிலோவாகத்தான் கூட்ட வேண்டும். உடம்புக்கு 2 கிலோ, ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 6 கிலோ, வேளை பிரித்து. கூடவே தாது உப்புக் கலவை, கோ-4 போன்ற பசும்புல், வைக்கோல். தீவனத்தை ஒதுக்கி, பால் குறைந்து, மூச்சில் பழவாடை அடித்தால் உடம்புக் கொழுப்பு மிதமிஞ்சிக் கரைவதால் வரும் கீட்டோசிஸ் நோய் என்று சந்தேகிக்க வேண்டும்.

5. சினை ஊசி

45 நாளிலிருந்து காலையும் மாலையும் பருவ அறிகுறியைக் கவனிக்க வேண்டும்: கத்தல், மற்ற மாட்டின் மேல் தாவுதல், கண்ணாடி போன்ற சளி. முதல் பருவத்தை விட்டு, 60 நாளுக்கு மேல் வரும் பருவத்தில் ஊசி போடலாம். காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். ஊசி போட்ட 21ஆம் நாள் மீண்டும் பருவம் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டாலும் மூன்றாம் மாதத்துக்குள் சினைப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.